செருப்பைக் கழற்றச் சொல்லும் வார்டு

வார்டுக்குள் நுழைந்ததும் இர்பானாவின் கண்ணில் பட்டது வாப்பாவின் கைதான். பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பழவேற்காட்டில் நாற்பது வருஷம் இறால் வியாபாரம் பார்த்தவர் அப்துல் வஹாப். ஏலத்தில் அந்தக் கை உயர்ந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

“இன்னா சிஸ்டர் இது? ஜுரம்னு சேத்தா கட்டிப் போடுவீங்களா?”

“காலையிலேர்ந்து மூணு தடவ வெளிய ஓடிட்டாரு,” என்றாள் நர்ஸ் அருணா. “டாய்லெட் இங்கயே கீது, போமாட்றாரு. பாட்டில் குடுத்தா தட்டி வுட்றாரு. ஒரே பேஜாரு. நான் ஒருத்தி இருபது பேரப் பாக்கணும்க்கா.”

அவருக்கு மறதி நோய் என்று சேர்க்கும்போதே இர்பானா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். யார் காதில் வாங்கினார்கள்? கூடவே தங்குகிறேன் என்று கெஞ்சியும் பார்த்தாள். ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக் கூடாதாம். அப்படியென்றால் சவுதியில் இருக்கும் தம்பி நியாஸ் பறந்து வந்துதான் தங்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் இத்தனை கம்பெனிகளுக்கு நடுவே மூன்று மாடி ஆஸ்பத்திரி கட்டத் தெரிந்தவர்களுக்கு, ஒரு வயசாளிக்கு மூத்திரம் முட்டுவது தெரியவில்லை!

கட்டை அவிழ்த்தாள். “வாப்பா, முட்டிக்கினு இருக்குதா? பாத்ரூம் இங்கயே இருக்குது, வாங்க.”

அவர் சட்டென்று அவள் வாயைப் பொத்தினார். “மெதுவாப் பேசு புள்ள. பள்ளிவாசலுக்குள்ள பேசற பேச்சா இது?”

அவர் பார்த்த பக்கம் அவளும் பார்த்தாள். வார்டுக்குள் செருப்பு கூடாது என்று போர்டு. வாசலில் முப்பது ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே நீளக் கூடம், கழுவித் துடைத்த தரை, வெறுங்காலோடு ஆட்கள். ஐந்து வேளையும் செருப்பைக் கழற்றியே பழகிய மனுஷனுக்கு இது வேறென்னவாகத் தோன்றும்? அவர் ஓடவில்லை. பள்ளிவாசலை அசுத்தம் பண்ணக் கூடாதென்று வெளியே போகப் பார்த்திருக்கிறார், பாவம்.

யாரையும் கேட்காமல் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், செருப்பை மாட்டிவிட்டு, மருந்துக் கடை பக்கத்துக் கழிப்பறைக்கு அனுப்பினாள். வெகுநேரம் கழித்து வந்தார். முகம் தெளிந்திருந்தது. “அல்ஹம்துலில்லாஹ். ஒரு டீ வாங்கித் தாம்மா,” என்றார்.

திரும்பி வந்தால் சூப்பர்வைசர் மோகன்ராஜ் காத்துக்கொண்டிருந்தார். இர்பானா நடந்ததைச் சொன்னாள். “செருப்ப அந்தாண்ட மூலைக்கு மாத்துங்க சார். இல்லாட்டி மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா வெளிய இட்டுனு போனா போதும்.”

“ரூல்ஸும்மா. கிருமி வரும்.”

அவர் காலில் பளபளவென்று ஷூ. ஊருக்குத்தான் உபதேசம்!

“உங்க ஷூவுல வராதா சார்?”

அவர் முகம் கறுத்தது. “ஒரு பேஷன்ட்டுக்காக ஆஸ்பத்திரிய மாத்த முடியாதும்மா. டைம் ஆச்சு, கிளம்புங்க.”

“நான் ஃபைல்ல எழுதி வெக்கிறேன்க்கா,” என்று அருணா மெல்லச் சொன்னாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இர்பானா பஸ் ஏறினாள்.

மறுநாள் காலையில் வந்தபோது இரண்டு கையும் கட்டியிருந்தது. லுங்கியும் இல்லை, ஆஸ்பத்திரி அங்கிதான். வேறொரு நர்ஸ் நின்றிருந்தாள்.

“பெட்லயே போய்ட்டாரும்மா. அப்புறம் கீழ எறங்கி, சட்டையக் கழட்டித் தரையத் தொடைக்கிறாரு. வழுக்கி வுழுந்தா யாரு பதில் சொல்றது?”

இர்பானா ஃபைலைப் பிடுங்கிப் பார்த்தாள். ‘நோயாளியின் மகளுக்கு வார்டு விதிமுறைகள் எடுத்துச் சொல்லப்பட்டன’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. செருப்பைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

“மனுஷங்களா நீங்க?” என்று கத்திக்கொண்டே முடிச்சில் நகத்தை நுழைத்தாள். வாப்பா கையை இழுத்துக்கொண்டார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“அவுக்காதம்மா. அவங்கள ஏசாத,” என்றார். “பள்ளிவாசல்ல மூத்திரம் போனவனப் பின்ன இன்னா பண்ணுவாங்க?”