மோரில் கலந்த பொடி

திருப்பூரில் ஒருவனுக்குக் கண் மஞ்சளாகிவிட்டால், டாக்டர் சொல்வதற்கு முன்பே டீக்கடை காரணத்தைச் சொல்லிவிடும். பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் குகனுக்கும் அப்படித்தான் சொன்னது. "கமுக்கமாத் தண்ணி போடறாப்ல போல" என்றார்கள். ஊர்வாய் எதையாவது மென்றுவிட்டுப் போகட்டும். கட்டிய பெண்டாட்டியும் அதையே நம்பினாள் என்பதுதான் கொடுமை.

தேவிப்பிரியா நம்பியதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவர். மஞ்சள் கண், மெலிந்த தோள், சோற்றைக் கண்டால் ஒதுக்குவது என்று எல்லாவற்றையும் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறாள். போதாததற்கு, பனியன் கம்பெனியில் அவளுக்கு செக்கிங் வேலை. துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவாள். குற்றம் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கும் வந்தாள். புருஷன் மேலும் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள்.

சாயங்காலம் குகன் வண்டியை நிறுத்துவதற்குள் பக்கத்தில் போய் நின்று மூச்சை முகர்ந்து பார்ப்பாள். வாசனை எதுவும் இருக்காது. இல்லாததே அவளுக்குச் சந்தேகத்தை வளர்த்தது. படுத்தால் அவன் உள்ளங்கையையும் காலையும் சொறிந்துகொண்டு கிடந்தான். அதற்கும் குடியைத்தான் பழித்தாள். ஒரு கிருத்திகையன்று முருகன் சன்னதியில், மாமியார் பழனியம்மாள் பார்க்கப் பார்க்க, சூடத்தைக் கொளுத்தி அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். குகன் எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தான். பெற்றவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதும் இவளுக்கு மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பொடியை வாங்கினாள். குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம், நிச்சயம் குடியை மறந்துவிடுவார் என்று செல்போனில் விளம்பரம் வந்துகொண்டேயிருந்தது. என்ன பச்சிலையோ, என்ன பஸ்பமோ, பொட்டலத்தின் மேல் 'குடி மறக்க' என்பதைத் தவிர ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மதியச் சாப்பாட்டோடு கொடுத்தனுப்பும் மோரில் தினமும் ஒரு கரண்டி கலந்தாள். குகன் பாட்டிலைக் காலி செய்துகொண்டு வந்தான். அதைக் கழுவி வைக்கும்போது நிம்மதியாக வேறு இருந்தாள், மகராசி.

ஒரு நாள் கட்டிங் டேபிள் மேலேயே குகன் சாய்ந்துவிட்டான். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"இது குடியால வர்றதில்லீங்க. ஈரல்லருந்து பித்தம் வர்ற குழாய் இருக்குது. அதோட உள்சுவர்ல இருக்கற செல்லுக வயசுக்கு முன்னாடியே கெழடாயிருச்சு. அதுக சாகறதுமில்ல, புதுசாப் பெருகறதுமில்ல. சும்மாவும் இருக்கறதில்ல. பக்கத்துல நல்லா இருக்கறதையும் உசுப்பிவிட்டு வீக்கத்தை உண்டாக்கும். போகப் போகக் குழாய் தழும்பாகிச் சுருங்கிரும், பித்தம் தேங்கிரும். அரிப்பு, அசதி, மஞ்சக் கண்ணு எல்லாம் அதனாலதான். ஏன் உங்களுக்கு வந்துச்சுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. நீங்க பண்ணுன தப்பு ஒண்ணுமில்லீங்க."

"சரிங்க" என்றான் குகன். மனைவி பக்கம் திரும்பக்கூட இல்லை. இப்போதாவது தெரிந்ததா என்று ஒரு பார்வை பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. தேவிப்பிரியாவுக்குத் தலை தானாகக் குனிந்தது. குனிந்த கண்ணில் அவன் உள்ளங்கையில் சூடம் சுட்ட வடுதான் பட்டது.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார். "ஒண்ணு மட்டும் இடிக்குது. இந்த வியாதிக்கு ஈரல் இவ்வளவு வேகமாக் கெட்டிருக்கக் கூடாது. நாட்டு மருந்து, லேகியம், பொடின்னு ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? சாப்பிட்டிருந்தா நிறுத்திப் பாக்கலாம். இல்லீன்னா ஈரல்ல ஊசி எறக்கி, சதை எடுத்துத்தான் பாக்கணும்."

"ஒண்ணும் சாப்பிடலீங்க" என்றான் குகன், சட்டென்று.

தேவிப்பிரியா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் அவன் ஈரலில் ஊசி இறங்கும். அந்த நேரத்திலும் மனசு மானத்தின் பக்கம் ஒரு கணம் சாய்ந்ததே, அதை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நாந்தானுங்க குடுத்தேன்" என்றாள். "குடிய மறக்கற பொடிங்க. இவருக்குத் தெரியாம மோருல கலந்து... இவரு குடிக்கறவரே இல்லீங்க." சொல்லி முடிப்பதற்குள் காது மடலெல்லாம் எரிந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "இன்னையோட நிறுத்துங்க. மிச்சம் இருக்கறத எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

வெளியே வராந்தா பெஞ்சில் குகன் உட்கார்ந்தான். அவள் நின்றுகொண்டே அழுதாள்.

"ஏனுங்க மாமா, எம் மூஞ்சில காறித் துப்புங்க."

"எனக்குத் தெரியும் புள்ள. அரிசி டப்பாவுக்குள்ள பொட்டலத்தைப் பாத்தேன். மோரும் கசந்துச்சு."

தேவிப்பிரியாவுக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. "தெரிஞ்சுமா குடிச்சீங்க? கீழ ஊத்தியிருக்கலாமுங்கல்ல?"

குகன் உள்ளங்கையைச் சொறிந்தபடியே சொன்னான். "சூடத்தை அணைச்சும் நீ நம்பல. இந்தப் பொடி தீர்றப்பவாச்சும் நம்புவியோன்னுதான்."

தினமும் மூச்சை முகர அவன் மேல் உரசிக்கொண்டு நிற்பவள், அன்றைக்கு அந்த பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்காரக் கூசி, கடைசிவரை நின்றுகொண்டே இருந்தாள்.