கோட்டைக்குள் ஒரு தேவாலயம்

1986. மொன்றியலில் அகதி விசாரணை. யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கத்துக் குருநகர்தான் தன் ஊர் என்ற அல்போன்சம்மா உண்மையில் யாழ்ப்பாணம்தானா என்று அதிகாரிக்குச் சந்தேகம். சுற்றுலாப் புத்தகமொன்றை விரித்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்:

"ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கட்டிய கோட்டைக்குள் அவர்களுடைய அழகான தேவாலயம் இருக்கிறதே, உள்ளே எப்படியிருக்கும்?"

"நான் போனதில்லை."

"கிறிஸ்தவப் பெண், பக்கத்துத் தேவாலயத்துக்குப் போனதில்லையா?" அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார்.

அல்போன்சம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"எங்கட கத்தோலிக்கப் பூசையைத் தடுத்தவங்கள் கட்டின கோயிலுக்கு நான் ஏன் போறன்? இப்ப அந்தக் கோட்டைக்குள்ள ஆமி. அங்கயிருந்து அடிச்ச ஷெல்லிலதான் எங்கட வீடு போனது. உங்களுக்கு அது அழகு!"

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார்.

"அப்பிடியே சொல்லுங்கோ. உள்ளுக்கு எப்பிடியெண்டு என்ர மனுசனுக்குத்தான் தெரியும். மாசியில பிடிச்சு அதுக்குள்ளதான் கொண்டுபோனவங்கள். ஆள் வெளியில வந்தா கேட்டுச் சொல்லுறன்."