சாமிக்குக் காட்டின கறி

டிவி தொடர் ஒன்றில் பெருமாளாக நடித்த நாளிலிருந்து காசிராஜனுக்கு ஒரகடம் மெஸ்ஸில் தயிர்சாதம்தான். ஷிப்டு முடிந்து வந்தவர்களெல்லாம் கோழிக்கறியை வெளுத்துக்கட்ட, அவன் ஊறுகாயை நக்கினான். புகழாம், பெரிய புகழ்!

“யக்கா, நான் கம்பெனியில போல்ட்டு முடுக்குதவன்தானே!”

“பெருமாளுக்குக் கறி போட்டா பாவம் என் தலையில வியும்பா,” என்றாள் மெஸ் நடத்தும் முனியம்மாள்.

கடுப்பில் டைரக்டரின் காலைப் பிடித்து, அடுத்த தொடரில் கிடாவெட்டு வாங்கும் சுடலைமாடனாக வேடம் கட்டினான்.

அது ஒளிபரப்பான மறுநாள் அவன் முன்னே தலைவாழை இலை நிறைய ஆட்டுக்கறி. கை வைக்கப் போனவனைத் தடுத்து, முனியம்மாள் சூடம் காட்டினாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பிறகு இலையை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

“சாமிக்குப் படைச்சாச்சு. எல்லாரும் வந்து வாங்கிக்கினு போங்கபா!”