ஒருவழி வீடு

காப்புரிமைச் சான்றிதழ் தபாலில் வந்த செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்குக் குப்பை கொட்ட வெளியே போன ஊசியம்மாவால் அதன் பிறகு தன் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. குறுக்கே எதுவும் நிற்கவில்லை. காலைத் தூக்கி உள்ளே வைத்தால் அது மறுபடி வெளிப்படியிலேயே இறங்கியது, அவ்வளவுதான். கையிலிருந்த கூடையை உள்ளே வீசிப் பார்த்தாள். அதுவும் அவள் காலடியிலேயே வந்து விழுந்தது. அம்மா வாசலில் என்னவோ விளையாடுகிறாள் என்று நினைத்த மூன்று வயது மகள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். இப்படியாகப் பதினோரு மணிக்குள் அந்தக் குடும்பத்தின் மூன்றில் இரண்டு பங்கு வெளியே வந்துவிட்டது.

ஊசியம்மா ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். அவள் குத்தினால் குத்தியதே தெரியாது என்று பேர். அவளுடைய கணவனைத் தெருவில் வால்வு என்றுதான் சொல்வார்கள். தபால்தலை அளவு ரப்பர் வில்லையில், தலைமுடியைவிட மெல்லிய கால்வாய்களைச் செதுக்கி, அதில் ஒரு சொட்டு ரத்தத்தை ஓடவைத்து நோயைக் கண்டுபிடிக்கும் சாதனங்கள் செய்பவன். இதை அவன் எவ்வளவு விளக்கியும் தெருக்காரர்கள் காதில் நின்றது அந்த ஒரு சொல்தான். கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள் அவன் ரத்தம் கொடுக்க வந்து, ஊசியைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனான். அவனைத் திசைதிருப்ப அவள் சொன்னாள்: "பயப்படாதீங்க சார். நரம்புக்குள்ள குட்டிக் குட்டிக் கதவு இருக்கு. மேல போற ரத்தம் கீழ இறங்காது." அவன் பயத்தை மறந்து அவள் முகத்தையே பார்த்தான். பத்தொன்பதாம் நாள் ஒரு வில்லையோடு வந்தான். காத்திருப்போர் அறையில் பதினோரு பேர் முன்னிலையில் சிவப்பு மையை அதில் விட்டு, போன மை திரும்பாது என்று செய்து காட்டினான். எல்லோரும் முழங்கையில் பஞ்சை அழுத்தி மடக்கி வைத்திருந்ததால் யாராலும் கைதட்ட முடியவில்லை. நான்கு மாதத்தில் கல்யாணம்.

வினை வந்தது வக்கீல் வழியாக. 'ஒருமுறை வெளியேறிய திரவம் திரும்பி நுழையாத நுண்தடம்' என்று அவன் அடக்கமாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தான். காப்புரிமை வக்கீல் அதைப் படித்துவிட்டு உச்சுக் கொட்டினார். "திரவம்னு போட்டா நாளைக்கு ஒருத்தன் காத்தை விட்டு அதையே வித்துடுவான். 'எதுவும்'னு போடுங்க. நுண்தடம் எதுக்கு? 'சுவர்களால் சூழப்பட்ட எந்த இடமும்'னு போடுங்க. வலையை வீசறதுதான் வீசறோம், பெருசா வீசுவோம் சார்." அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் வீசுவார்கள். ஆனால் எல்லோருக்கும் தனியாக ஓர் ஆய்வுக்கூடம் இருக்கும். வால்வுக்கு வீட்டின் பின்னறைதான் ஆய்வுக்கூடம். சான்றிதழின் முதல் பக்கத்தில் அந்த வீட்டு விலாசம் கொட்டை எழுத்தில் இருந்தது.

விதி இவ்வளவுதான் என்று ஒரே மாதத்தில் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. புதிதாக எதுவும் உள்ளே போகலாம். ஒருமுறை வெளியே வந்தது மறுபடி போகாது. ஜன்னலுக்கும் அதே சட்டம். ஆகவே விருந்தாளிகள் ஆயுளில் ஒருமுறை மட்டும் வந்தார்கள். வால்வின் அண்ணன் ஊரிலிருந்து மூன்று நாள் தங்க வந்தவர், போன் பேசலாமென்று வாசலுக்கு வந்தவுடன் விருந்து முடிந்துவிட்டது. அவருடைய பெட்டியையும் கண்ணாடியையும் தம்பி எடுத்துக் கொடுத்து வழியனுப்பினான். ஊரிலிருந்த ஒரே பல் டாக்டர் வந்து ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனதோடு சரி, அடுத்த பல் வலித்தபோது வால்வு தாடையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். காற்று விஷயத்தில் மட்டும் வீடு கண்டும் காணாமலும் இருந்தது. ஊசியம்மா எதிர்வரிசையில் ஓர் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து, தினமும் மதியம் ஒரு புதிய அட்டைப் பெட்டியில் சாப்பாடு வைத்து வாசற்படிக்கு உள்ளே தள்ளிவிட்டு வந்தாள்.

அவன் ஏன் வெளியே வந்துவிடவில்லை என்று கேட்காதவர்கள் இல்லை. வருவதற்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் வந்தால் பின்னறை மேசைக்குத் திரும்ப முடியாது. அங்கே நுண்ணோக்கியும், அடுத்த சாதனத்தின் அச்சும் பாதியில் கிடந்தன. "இந்த ஒரு அச்சு முடியட்டும், வந்துடறேன்" என்று அவன் ஜன்னலில் நின்று சொன்னான். ஒன்று முடிந்தால் இன்னொன்று தொடங்கியது. அவளால் சரியாகச் சண்டைகூடப் போட முடியவில்லை. ஜன்னல் வழியாக வெளியே வந்த அவனுடைய சொற்களும் திரும்பி உள்ளே போவதில்லை. "நீங்கதானே போன மாசம் சொன்னீங்க" என்று அவள் ஆரம்பிப்பாள். அவன் சொன்னதை அப்படியே சொல்லும் இடம் வந்ததும் அவளுடைய வாய் மட்டும் அசைவது அவனுக்குத் தெரியும். "என்ன? கேக்கல" என்பான். ஒருவர் சொன்னதை அவர் முகத்திலேயே திருப்பி எறிய முடியாவிட்டால் எந்தக் குடும்பத்தில்தான் சண்டை நடக்கும்?

நான்காம் வருடம் வெளியூர் நிறுவனம் ஒன்று அந்தக் காப்புரிமையை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டது. விண்ணப்பிக்கும் முன்பே கண்டுபிடிப்பைப் பொது இடத்தில் காட்டியிருந்தால் காப்புரிமை செல்லாது. செல்லாது என்று ஆகிவிட்டால் வீடும் வழிவிடும் என்று வக்கீலே சொன்னார். ஊசியம்மாவுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். காத்திருப்போர் அறையில் இருந்த பதினோரு பேரையும் தேடிப் போனாள். இரண்டு பேர் இறந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு ஊசி வலிக்கவில்லை என்பது மட்டும் நினைவிருந்தது. ஆக, எல்லாம் வால்வின் வாயில்தான் இருந்தது.

விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்தார். அவரும் ஒருமுறைதான் நுழைய முடியும் என்பதால் ஒரே அமர்வில் முடிக்க ஏற்பாடு. அவர் உள்ளே நாற்காலியில். வால்வு அவர் எதிரில். ஊசியம்மா சலவை செய்த உடையில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளிப்படியில். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: சிவப்பு மை, பஞ்சு, பதினோரு பேர். அதிகாரி திரும்பி, உண்மையா என்று கேட்டார். வால்வு பின்னறைப் பக்கம் பார்த்தான். ஆமாம் என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் சாயங்காலம் மூவரும் ஒரே கூரைக்குள் படுக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்" என்றான் அவன். "கல்யாணத்துக்கு அப்புறம்தான் காட்டினேன். இந்த வீட்டுல. இவளுக்கு மட்டும்."

மனைவி பொதுமக்களில் ஒருவர் அல்லர் என்று அதிகாரி எழுதி, காப்புரிமை செல்லும் என்று முடித்தார். முத்திரையைக் காரிலேயே மறந்துவிட்டு வந்திருந்ததால், எடுக்கப் போனவர் திரும்ப நுழைய முடியாமல், தாளை வெளியே வாங்கிக் கார் மூக்கின்மேல் வைத்துக் குத்தினார். கார் போன பிறகு ஊசியம்மா ஜன்னலுக்குப் போனாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றான் அவன்.

மகள் பள்ளிப் பையோடு பக்கத்தில் நின்றாள். அந்தச் சொல்லை அவன் முகத்திலேயே திருப்பிச் சொல்ல ஊசியம்மா வாயைத் திறந்தாள். "என்ன? கேக்கல" என்றான். அவளுக்கு வந்தது கோபம்கூட இல்லை, அவமானம். நடுத்தெருவில் தன்னை யாரோ வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனதுபோல நின்றாள்.

அதன் பிறகு அவள் நாட்காட்டியை மட்டும் நம்பினாள். காப்புரிமைக்கு ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது வருடம். சான்றிதழுக்குக் காத்திருந்ததில் மூன்று போயிருந்தது, பதினேழு வெளியே கழிய வேண்டியிருந்தது. மகள் வளர்ந்து, அப்பாவை ஜன்னலளவுக்கே தெரிந்துகொண்டு, வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஊசியம்மா அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு ரத்தம் எடுத்து முடித்தாள். வால்வுக்கு முன்பற்கள் நான்கும் போயின. அவனுடைய மற்ற சாதனங்கள் எதற்கும் சான்றிதழ் வரவில்லை.

காப்புரிமையின் ஆயுள் முடிந்த நாள் காலை ஆறரை மணிக்கு அவன் சவரம் செய்துகொண்டு, வாசலுக்கு உள்பக்கம் நின்றான். தெருவே கூடியிருந்தது. வக்கீலும் தடியூன்றி வந்திருந்தார். ஊசியம்மா காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். அது வெளிப்படியில் இறங்கியது. இன்னொரு தடவை வைத்தாள். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள். "சட்டப்படி திறந்தாச்சும்மா" என்று வக்கீல் பரிதாபமாகச் சொன்னார். வீட்டுக்கு அது உறைக்கவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகும் இருவரும் அப்படியே நின்றார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு முழம் இருக்கலாம். அவன், "அப்ப நானே வெளிய வந்துடறேன்" என்றான்.

அவள் பதினேழு வருடமாகக் காத்திருந்த வார்த்தை அதுதான். ஆனால் வந்து சேர்ந்தபோது அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் நரம்பு செத்துவிடும், அப்புறம் எவ்வளவு தேடினாலும் சொட்டு வராது. தொழிலில் அவளுக்கு அது தெரியும். தனக்கே அப்படி ஆகியிருப்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது. அழுகையாவது வந்தால் தேவலை என்றிருந்தது.

"வேண்டாங்க" என்றாள். "எதிர் ரூமுல ஒரு கட்டில்தான் இருக்கு."

"தரையில படுத்துக்கிறேன்."

"மணி ஏழாகப் போகுது. ரத்தம் குடுக்க வெறும் வயித்தோட ஆளுங்க உக்காந்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். வெளியே வைக்கத் தூக்கிய காலை அவன் உள்ளேயே இறக்கிக்கொண்டான்.

இப்போது அந்தத் தெருவுக்குக் குடிவருபவர்களிடம் வீட்டுத் தரகர் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறார்: மூலைவீட்டுக்கு ஒருமுறைதான் போகலாம், போனால் கொண்டுபோனதை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். மதியம் ஒன்றேகாலுக்கு ஊசியம்மா ஒரு புதிய அட்டைப் பெட்டியை வாசற்படிக்கு உள்ளே தள்ளுகிறாள். உள்ளேயிருந்து ஒரு கை அதை எடுத்துக்கொள்கிறது.