நழுவ வேண்டிய தகடு

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தையும் புதிய கட்டடத்தையும் மூன்றாம் மாடியில் ஓர் இரும்புப் பாலம் இணைத்தது. இரு பக்கமும் கண்ணாடி, தரையில் ரப்பர் விரிப்பு. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆட்கள் கூட்டமாகக் கடந்தால் பாலம் ஆடும். விழுந்துவிடுமோ என்று பயப்படும் ஆட்டமில்லை. ஆனால் ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவருக்கு அது நன்றாகவே தெரியும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் சின்னவளின் முனைவர் பட்ட ஆராய்ச்சி.

வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றுதான் சொல்வார்கள். பெரியவள், அதாவது அவளுடைய அக்கா, பழைய கட்டடத்தில் அதே மூன்றாம் மாடியில் வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ். சின்னவள் தங்கியிருந்ததும் அக்கா வீட்டில்தான். ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்ததை நிஜமான பாலத்தில் பொருத்திப் பார்க்க அனுமதி வாங்கிக் கொடுத்ததும் அக்காதான்.

"என் தங்கச்சி சார். படிப்புல கெட்டி. பாலத்த ஒண்ணும் பண்ணிட மாட்டா," என்று ஆஸ்பத்திரியின் கட்டட இன்ஜினியரிடம் அவள் சொன்னபோது சின்னவளும் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒன்றும் பண்ணிவிட மாட்டாள் என்ற அந்த வார்த்தை அன்று நெஞ்சில் உட்கார்ந்ததுதான், அப்புறம் எழுந்து போகவே இல்லை.

அவள் பொருத்தியது பார்வைக்கு எளிய சாதனம். பாலத்தின் அடியில் உத்திரங்களுக்கு நடுவே இரும்புத் தகடுகள்; தகடுகளுக்கு நடுவே வண்டி பிரேக்கில் இருப்பதைப் போன்ற கட்டை; எல்லாவற்றையும் அளவாக அழுத்திப் பிடிக்க ஸ்ப்ரிங் வைத்த போல்ட்டுகள். பாலம் ஆடினால் தகடு நூலளவு நழுவும். நழுவும்போது உராயும். ஆட்டம் அந்த உராய்வில் சூடாக மாறிக் கரைந்துபோகும். பாலத்தில் ஒட்டிய சென்சார்கள் ஒவ்வோர் அதிர்வையும் அவள் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. சில மாதங்கள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி.

ஒரு காலையில் வரைபடம் மாறியிருந்தது. முன்பெல்லாம் ஒரு கூட்டம் கடந்ததும் சட்டென்று அடங்கிய பாலம், இப்போது நெடுநேரம் ஆடிக்கொண்டே இருந்தது. சாதனம் பொருத்துவதற்கு முன்னால் எப்படி ஆடியதோ, கிட்டத்தட்ட அப்படியே. மறுநாளும் அதே கதை. சென்சாரை மாற்றிப் பார்த்தாள். பயனில்லை.

கட்டை தேய்ந்திருக்கலாம். அது தேவலை. தகடுகளைத் தாங்குவதற்காக அவள் உத்திரத்தில் பற்றவைக்கச் சொன்ன இடத்தில் விரிசல் விட்டிருந்தால்? ஆட்டத்தை அடக்கப் போய்ப் பாலத்துக்கே ஊறு செய்திருந்தால்? ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரும் அதன் மேல்தான் போகிறது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால் தொண்டைக்குள் எதுவும் இறங்கவில்லை.

பேராசிரியர் வெளியூரில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். போனில் பிடிக்க முடியவில்லை. அவள் நேரே கட்டட இன்ஜினியரிடம் போனாள். அவர் மேஜை மேல் வாட்டர் பம்ப்பின் உதிரி பாகங்கள் கிடந்தன.

"விழுமா?" என்று நேரடியாகக் கேட்டார்.

"தெரியல சார்."

"தெரியலன்னா என்னம்மா அர்த்தம்?"

"அடியில திறந்து பாத்தாத்தான் தெரியும்."

"திறக்கணும்னா மூடணும்."

"ஆமா சார்."

அவர் ஓர் உதிரி பாகத்தை ஓரமாக நகர்த்தினார். "உங்கக்கா வார்டுல இருந்து புதுக் கட்டடத்து ஸ்கேனுக்குப் போற எல்லாரும் கீழ இறங்கி, முற்றத்தைச் சுத்தி, மறுபடியும் மேல ஏறணும். அந்தப் பக்கம் இருக்கறது ஒரே லிஃப்ட். அது நினைச்சா வரும், நினைக்கலன்னா வராது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சரி. நாளைக்கு மூடறேன். சாரம் கட்டி அடிப்பலகையைக் கழட்ட ஒரு நாள் ஆகும்."

அன்று அக்காவிடம் சொன்னாள். அக்கா கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே, "உனக்கு நிச்சயமா?" என்று மட்டும் கேட்டாள். நிச்சயமில்லை என்பதால்தான் மூடச் சொன்னேன் என்று சின்னவளால் சொல்ல முடியவில்லை. அக்கா வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தவள் போல இருந்தது. பிறகு மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மழை. பாலத்தின் இரு வாயிலிலும் கயிறு கட்டியிருந்தது. கீழே சாரம் கட்டுபவர்களுக்குப் பக்கத்தில் சின்னவள் குடையோடு நின்றிருந்தாள். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் பழைய கட்டடத்தின் வாசல் வழியாக அக்கா ஓட்டமாக வந்தாள். ஸ்ட்ரெச்சரில் மூச்சுக்குத் திணறும் ஒரு பெரியவர். மேலே பிளாஸ்டிக் விரிப்பு. வார்டுப் பணியாளர் ஒருவர் தள்ள, அக்கா ஒரு கையால் ஆக்சிஜன் சிலிண்டரையும் மறு கையால் பெரியவரின் முகமூடியையும் பிடித்திருந்தாள். முற்றத்துக் கல்தளத்தில் சக்கரங்கள் கடகடவென்று அடித்தன. தங்கை அங்கே நிற்பதை அக்கா பார்க்கவே இல்லை.

சின்னவள் பின்னாலேயே ஓடினாள். லிஃப்ட் மேலே எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. அக்கா பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள். "வேற சிலிண்டர் கொண்டா. ஓடு," என்று பணியாளரை விரட்டினாள். பெரியவரின் விரல்நுனிகள் நீலம் பாரித்திருந்தன. கயிற்றை அறுத்துப் பாலத்தைத் திறந்துவிடலாமா என்று சின்னவளுக்கு ஒரு கணம் தோன்றியது. திறந்து, அதற்கு ஏதாவது ஆனால்?

லிஃப்ட் வந்தது. கதவு மூடியது. அவள் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். போன் அடித்தது. பேராசிரியர்.

அவள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "ஆட்டம் அடங்க நேரமாகுது, அது சரி. பாலம் ஆடற வேகம் ஏறியிருக்கா, இறங்கியிருக்கா?" என்றார்.

அடங்கும் நேரத்தை மட்டுமே பார்த்துப் பார்த்து மிரண்டிருந்தாள். மடிக்கணினியைத் திறந்தாள்.

"கொஞ்சம் ஏறியிருக்கு சார்."

"விரிசல் விட்டிருந்தா?"

"பாலம் தளர்ந்திருக்கும். வேகம் இறங்கியிருக்கும்."

"அப்ப?"

"விறைப்பாயிருக்கு. தகடு நழுவல. எங்கயோ இறுகிப் பிடிச்சுக்கிச்சு." சொல்லச் சொல்ல அவள் குரல் உள்ளே போனது. "நழுவாட்டி உராய்வே இல்ல. சும்மா ஒட்டவெச்ச இரும்பு மாதிரிதான். ஆபத்து ஒண்ணுமில்ல சார். ஆபத்தே இல்லாத பாலத்த மூடிட்டேன்."

"திறந்து பாத்துட்டு அதச் சொல்லு," என்றார் அவர்.

சாயங்காலம் அடிப்பலகை கழன்றது. விரிசல் இல்லை. கட்டை தேயவில்லை. ஆனால் அத்தனை போல்ட்டுகளும் கடைசி மரை வரை முடுக்கப்பட்டிருந்தன. ஸ்ப்ரிங்குகள் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தன. இன்ஜினியர் பராமரிப்பு வேலை பார்க்கும் பிட்டரைக் கூப்பிட்டார்.

"நான்தான் சார் டைட் பண்ணேன்," என்றார் பிட்டர். அவருக்கு ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. "ராத்திரியில கிரீச்சு கிரீச்சுன்னு சத்தம் வருதுன்னு வார்டுல இருந்து சொன்னாங்க. ஏறிப் பாத்தா போல்ட்டு லூசா இருந்துச்சு. லூசாத்தான் இருக்கணும்னு எனக்கு யாரு சொன்னாங்க? தொடாதேன்னு ஒரு அட்டை மாட்டியிருந்தாக்கூடத் தொட்டிருக்க மாட்டேன்."

அது நியாயம். அட்டை மாட்ட அவளுக்குத் தோன்றவே இல்லை. "வார்டுல யார் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

பிட்டர் இன்ஜினியரைப் பார்த்தார். பிறகு, "உங்கக்காதான்," என்றார்.

வார்டில் அக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் முதலில் பெரியவரைப் பற்றித்தான் கேட்டாள்.

"தீவிர சிகிச்சையில இருக்காரு. இப்ப பரவாயில்ல. நாளைக்குத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"போல்ட்ட டைட் பண்ணச் சொன்னது நீயாக்கா?"

அக்கா குழாயை மூடினாள். "பாலத்த ஒட்டின ரூம்ல ஒரு அம்மா. ஆபரேஷன் ஆனவங்க. சத்தத்துல கண்ணே மூடல. என்னைப் பாத்து அழறாங்க. நான் என்ன பண்ண?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உன் தகடுதான் கத்துதுன்னு எனக்கும் தோணுச்சு. உங்கிட்ட சொன்னா நீ அன்னைலேர்ந்து சோறு தண்ணி இறங்காம கிடப்ப. கொஞ்சம் எண்ணெய் கிண்ணெய் விட்டுச் சரி பண்ணுங்கன்னுதான் சொன்னேன். முடுக்கிட்டாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?" நிறுத்தி, "நேத்து நீ மூடணும்னு சொன்னப்ப சொல்லத்தான் நினைச்சேன். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நிச்சயமாத் தெரியல," என்றாள்.

கோபப்பட யாருக்கும் தெம்பில்லை.

மறுநாள் பெரியவரின் மூச்சு சீரானது. அதைக் காதால் கேட்ட பிறகுதான் சின்னவள் போல்ட்டுகளைப் பழைய அளவுக்குத் தளர்த்தப் போனாள். பாலம் மறுபடியும் சட்டென்று அடங்கியது. வரைபடம் அழகாக வந்தது. சத்தமும் வந்தது.

"ஆட்டம் போனா சத்தம், சத்தம் போனா ஆட்டம்," என்றார் இன்ஜினியர். "எது வேணும்னு நீயே சொல்லும்மா."

அவள் பாலத்தை ஒட்டிய அறையில், காலியாக இருந்த கட்டிலில் போய் உட்கார்ந்தாள். மதிய ஷிஃப்ட் மாறியது. சுவருக்குள்ளிருந்து ஈயப் பாத்திரத்தை ஆணியால் கீறுவதைப் போன்ற சத்தம், விட்டு விட்டு, எப்போது வரும் என்று சொல்ல முடியாதபடி வந்தது. அடுத்தது வருவதற்குள் உடம்பு தானாகவே இறுகிக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் காதுகளை அடைத்துக்கொண்டே வேலை செய்து பழகியவள் அவள். அறைக்குள் படுத்திருப்பவரைப் பற்றி யோசித்ததே இல்லை.

கட்டைகளைக் கழற்றிவிடச் சொல்லிவிட்டுப் பேராசிரியருக்குப் போன் செய்தாள். ஆய்வேடு ஆறு மாதமாவது தள்ளிப்போகும் என்றார் அவர். அவளுக்கும் தெரியும்.

அந்த மாதங்களில் கட்டைகளை மாற்றி மாற்றிச் சோதித்தாள். நன்றாக அடக்கியவை எல்லாம் கத்தின. கத்தாமல் இருந்த ஒன்று ஆட்டத்தைப் பாதிதான் அடக்கியது. அதையே பொருத்தினாள். இந்த முறை அட்டையும் மாட்டினாள். போல்ட் முடுக்கப்பட்ட நாட்களின் வரைபடத்தையும், அதைத் தான் தவறாகப் படித்ததையும் தனி அத்தியாயமாக எழுதினாள்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நிறுத்தி வைத்துக் கேட்டது அந்த அத்தியாயத்தைத்தான். "பாதி அடங்கினா போதும்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்றார். "அங்க ஆட்கள் தூங்கறாங்க சார்," என்று அவளை அறியாமலே வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார். முடிவு சொல்லும்வரை அவள் நடைபாதையில் நின்றாள்.

முடிவு தெரிந்ததும் நேரே வார்டுக்குப் போனாள். அக்கா யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"குடுத்துட்டாங்க."

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அக்கா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். "இனிமேலாவது நிம்மதியா இருப்பியா?"

சின்னவள் ஜன்னல் வழியே பாலத்தைப் பார்த்தாள். அதன் மேல் ஒரு ஸ்ட்ரெச்சர் போய்க்கொண்டிருந்தது.

"வெயில் காலத்துல அந்தக் கட்டை எப்படி நடந்துக்கும்னு இன்னும் பாக்கலக்கா," என்றாள்.

அக்கா அவள் தலையில் மெல்லத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.