சீரக வெள்ளம்

பழவங்காடியில் கோமதிநாயகம் நடத்திய ஹோட்டலுக்குப் பெயர்ப்பலகை இருந்தும், ஊர் அதைச் 'சட்னிக் கடை' என்றே சொன்னது. சட்னியை அரைப்பவள் அவர் மனைவி செண்பகவல்லி. திருநெல்வேலியிலிருந்து சீதனத்தோடு கைப்பக்குவத்தையும் கொண்டுவந்தவள் என்று வாய் ஓயாமல் பெருமையடிப்பார் மனுஷன். எமர்ஜென்சி நடந்த அந்த மழைக்காலத்தில், கடையில் சாப்பிட்ட பலருக்கு வாந்தியும் பேதியும் கண்டபோது முதலில் மாறியது அந்த வாய்தான்.

"ஏட்டி, பழைய சட்னியக் கலந்துட்டியா?"

"கட்டுன புருஷனே கேட்டா ஊர்க்காரன் கேக்கமாட்டானா?" என்றாள்.

ஆனால் அவளுக்கும் பயம்தான். பக்கத்து அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் லிங்கம், எப்போதும் இரண்டாம் கரண்டி சட்னி கேட்பவன், ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏறக் கிடந்தான். அவனுக்கு ஏதாவது ஆனால் இனி ஆட்டுக்கல்லைத் தொடுவதில்லை என்று மனதுக்குள் முடிவுகட்டியிருந்தாள்.

மறுநாள் உணவு இன்ஸ்பெக்டர் சற்குணம் வந்தார். சட்னி, பால், மாவு என்று பாட்டில்களில் எடுத்து அரக்கு வைத்தார். செண்பகவல்லி அடுக்களை வாசலில் வேர்த்துப்போய் நின்றாள்.

அதிகாரியே ஆனாலும் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாமா? தண்ணீரை மலையாளத்தில் 'வெள்ளம்' என்று சொல்லும் அந்த ஊரில், சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த வெள்ளத்தைத் தவிர வேறு கொடுத்தால் ஹோட்டலுக்கே கேவலம். கோமதிநாயகம் அண்டாவிலிருந்து அரை டம்ளர் கொதிநீர் மோந்தார். பிறகு, வழக்கம்போல, கிணற்று வாளியிலிருந்து மீதி அரை டம்ளரை நிரப்பி மரியாதையாக நீட்டினார்.

சற்குணம் வாங்கவில்லை.

"ஓய், வாளியில உள்ளது எந்த வெள்ளம்?"

"கிணத்துப் பச்ச வெள்ளம் சாரே. சூடு ஆறணும்லா."

"எல்லாருக்கும் இப்படித்தான் குடுக்கீரா?"

"பின்னே? நாக்கு வெந்துபோவாதா?"

"விறகை எரிச்சுக் கிருமியைக் கொன்னுட்டு, வாளியோட புதுசாக் கிருமியைக் கூட்டிட்டு வாறீரே" என்றபடி அவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார். மழையில் சாக்கடை ஓடை நிறைந்து, கிணற்றுச் சுவரோரம் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. வாளித் தண்ணீரும் பாட்டிலுக்குள் போனது. கடை பூட்டப்பட்டது.

பரிசோதனை முடிவைச் சொல்ல அவரே நேரில் வந்தார். சட்னியில் ஒரு குற்றமும் இல்லை, கெட்டது கிணறுதான். ஓடையைத் திருப்பி, பிளீச்சிங் பவுடர் போட்டு, தண்ணீரை மறுபடி சோதித்த பிறகு கடையைத் திறக்கலாம். படுத்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள், லிங்கமும் வீட்டுக்குப் போய்விட்டான். தப்பு தங்கள் கடையுடையதுதான் என்பது மாறவில்லை. இருந்தாலும் ஆளும் பிழைத்தான், அவள் கையும் பிழைத்தது. செண்பகவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிம்மதியாக அழுதாள்.

கடை திறந்த அன்று லிங்கம் பாதியாய் மெலிந்து வந்து உட்கார்ந்தான். இரண்டாம் கரண்டி சட்னியை அவளே கொண்டுவந்து ஊற்றினாள். அவன் குடிக்க வெள்ளம் கேட்டான். கோமதிநாயகத்தின் கை பழக்கத்தில் வாளியைத் தேடியது. வாளியை அவள் காலையிலேயே அப்புறப்படுத்தியிருந்தாள். வேறு வழியில்லாமல் இரண்டு டம்ளர்களை எடுத்து, டீ மாஸ்டர் மாதிரி கொதிநீரைத் தூக்கித் தூக்கி ஆற்றினார். அதைப் பார்த்து மற்ற மேசைகளிலும் கைகள் உயர்ந்தன.

"ஏட்டி, இம்புட்டுப் பேருக்கும் நான் எப்பம் ஆத்தி முடிக்க?"

"நாளையிலேர்ந்து முந்தின ராத்திரியே காச்சி மூடி வைக்கேன்" என்றாள் அவள், அடுக்களையிலிருந்தே. "இன்னைக்கு ஆத்துங்க. என்னைய நம்பாம இருந்த நாளுக்கெல்லாம் சேத்து ஆத்துங்க."