செத்த பிறகு கேட்டதை எழுத மாட்டேன்

"அந்தக்கா 'ஓடுங்க'ன்னு அடிச்சு முடிக்கிறதுக்குள்ள நாம செத்து, பொணவறையில படுத்து, ஒரு தூக்கமும் போட்டுடலாம்!"

"போன ரவுண்டுல நீ செத்ததுக்கு அக்காவா காரணம்? மாஸ்க் போடாம வெளிக்கதவத் தொறந்தது யாரு, உங்க தாத்தாவா?"

"பேச்ச மாத்தாத டாக்டரம்மா. காத்தறைக்கு வேகமா டைப் அடிக்கிற ஆளுதான் வேணும். டெஸ்ட் வைக்கணும்னு ஃபோரத்துல எழுதிப் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை ஓட்டு."

"அக்காகிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொல்லலாம். அவங்க பதில் அடிக்கிறதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துரும்."

பேசியவர்கள் நம் ஸ்டேஷனின் கேப்டனும் டாக்டரும். அந்த அக்கா நான்தான். அப்போது நான் அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில், காற்றறைப் பீரோவுக்குள் இருந்தேன்.

ஒட்டுக் கேட்கப் போகவில்லை. எப்படி உள்ளே போனேன் என்று சொல்கிறேன். அதற்கு முன், இந்த ஃபோரம் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. இது விண்வெளியில் மிதக்கும் ஸ்டேஷனில் பல பேர் சேர்ந்து ஆடும் கேம். ஆளுக்கு ஒரு வேலை. பேச்சு முழுவதும் டைப் அடிப்பதுதான். அடித்தது தலைக்கு மேலே எழுத்தாக வரும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். பீரோவுக்குள் இருப்பவருக்கும் தெரியும். கேப்டன் அதை மறந்துவிட்டார்.

என் வேலை காற்றறை. குழாய்களில் காற்று ஒழுங்காகப் போகிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது. ரவுண்டு தொடங்கியதும் சுவரில் தொங்கும் ஆக்சிஜன் மாஸ்க்கை எடுக்கப் போனேன். மாஸ்க்கை ஒட்டியே பீரோ. நான் மவுஸ் பிடிப்பது இடது கையில். மாஸ்க் மீது வைத்த கிளிக் வழுக்கிப் பீரோ மீது விழுந்தது. நான் உள்ளே, கதவு சாத்திக்கொண்டது. எனக்கு இது புதிதில்லை. வெளியே வரப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் இருவரும் வந்து நின்றார்கள். என்னைப் பற்றிய பேச்சு வந்ததும் என் விரல் அப்படியே நின்றுவிட்டது.

வலது கைக்கு என்ன என்று கேட்பீர்கள். தையல் ஒர்க்‌ஷாப்பில் காலர் தைப்பவளாக இருந்தேன். ஈரப் படிக்கட்டில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். விரல்கள் பாதிக்கு மேல் மடங்குவதில்லை. கட்டுப் பிரித்து நான் திரும்பிப் போன அன்று என் மெஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் வேறு யாருடைய குஷனோ இருந்தது. சூப்பர்வைசர், "ரெஸ்ட் எடுங்கக்கா, கை நல்லா ஆகட்டும்" என்றார். என்றைக்கு வரவேண்டும் என்று சொல்லவில்லை. பிசியோதெரபிஸ்ட், "சும்மா இருக்காதீங்க, எதையாவது டைப் அடிச்சிட்டே இருங்க" என்றார். எதை அடிப்பது? என் நாத்தனார் மகள்தான் இந்த கேமைப் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. "ஆகாயத்துல காத்து அளக்குற உத்தியோகமாம். சம்பளம் இல்ல சரி, லீவாவது உண்டா?" என்று கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். காலையில் எழுந்தால் எனக்குப் போக ஓர் இடம் இருந்தது. அது எனக்குப் பெரிது.

ஆக, பீரோவுக்குள் இருந்தேன். நிஜத்தில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் முகமெல்லாம் வியர்த்துவிட்டது. வெளியே வந்தால் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துவிடும். உள்ளேயே இருந்தால் இன்னும் என்னென்ன கேட்க வேண்டியிருக்குமோ. அடுப்பில் பால் வேறு வைத்திருந்தேன்.

"அப்ப அக்காவ எங்க தூக்கிப் போடப் போற?" என்றார் டாக்டர்.

"கூட்டித் தொடைக்கிற வேலை காலியா இருக்கு. அதுக்கு வேகம் எதுக்கு?"

"நீ ஒரு நாள் தொடைச்சுப் பாரு, தெரியும்."

"உனக்கு அவங்க மேல பாசம். நீ கத்தியப் பிடிக்கத் தெரியாம ஆபரேஷன் பண்ணினப்ப கூட அவங்க உன்ன ஒண்ணும் சொல்லல, அதான்."

"ஆமா, நீ மட்டும்தான் எல்லாரையும் சொல்லுவ!"

அப்போதுதான் பீரோக் கதவின் இடுக்கு வழியே அதைப் பார்த்தேன். தரையில் கிடந்த காகிதக் கப் ஒன்று தானாக நகர்ந்தது. யாரும் உதைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னலை நோக்கிப் போனது.

காற்றறை வேலைக்கு வருகிறவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அபாய மணியை நம்பாதீர்கள், அது சாவகாசமாக அடிக்கும். தரையைப் பாருங்கள். தாள், கப், ரத்தம் துடைத்த துணி, எதுவாக இருந்தாலும் தானாக நகர்ந்தால் எங்கோ கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, காற்று வெளியே போகிறது என்று அர்த்தம்.

சண்டை போடுகிறவர்கள் தரையைப் பார்ப்பார்களா? கேப்டன் காலடியில்தான் கப் போனது. டாக்டர் இன்னும் நீளமாக ஏதோ அடித்துக்கொண்டிருந்தார்.

நான் "ஓடுங்க" என்று அடித்திருக்கலாம். எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேப்டன் இப்போதுதானே சொன்னார். அவர் சொன்னது தப்பில்லை. அதனால் அடிக்கவில்லை. வெளியே வந்தேன். நான் வந்ததைப் பார்த்ததும் இரண்டு பேர் தலைக்கு மேலும் எழுத்து நின்றுவிட்டது. கேப்டனின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பீரோவுக்குள் தள்ளினேன்.

"அக்கா, நீங்க எப்ப..." என்று டாக்டர் அடிக்கத் தொடங்கினார். அவரையும் தள்ளினேன். பீரோவுக்குள் இரண்டு பேருக்குத்தான் இடம். கதவைச் சாத்தினேன். சாத்திய பீரோவுக்குள் காற்று நிற்கும்.

ஜன்னல் உடைந்தது. மணி அப்போதுதான் அடித்தது, புண்ணியவான்.

பக்கத்திலேயே மாஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கிளிக்தான். ஆனால் என் இடது கையை எனக்குத் தெரியும். மாஸ்க்குக்கு வைத்தது வழுக்கி மறுபடியும் பீரோ மீது விழுந்தால் கதவு திறந்துகொள்ளும். இரண்டு பேரும் காலி. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திரை ஓரம் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது. செத்துப்போனேன்.

நம் கேமில் செத்தவர்கள் ஆவியாக நிற்கலாம். சுவரைத் தாண்டிப் போகலாம், எல்லோர் பேச்சையும் படிக்கலாம், வாய் மட்டும் திறக்க முடியாது. நான் பீரோவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். நடுவில் கேப்டன் ஒன்று சொன்னார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். "ஏம்மா, என்ன கருகுது?"

"பால். நான் செத்துட்டேன், கொஞ்சம் இருங்க."

"செத்தவ அடுப்ப அணைச்சிட்டு சாகக் கூடாதா?"

அவரே போய் அணைத்தார். பாத்திரத்தின் அடி கரியாகிவிட்டது. தேய்க்க எனக்குக் கையில்லை என்பதால் அதையும் அவர்தான் தேய்த்தார், முணுமுணுத்துக்கொண்டே.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புகிறேன். இந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன். கேப்டனின் யோசனை போட்ட இடத்திலேயே இருக்கிறது. கீழே பலர் "சரி", "நல்ல யோசனை" என்று எழுதியிருக்கிறார்கள். கேப்டன் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை எழுதவில்லை. டாக்டர் ஊருக்குப் போயிருப்பதாக அவர் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறது.

"கேம்தானே, எதுக்கு இப்படி அலையிற?" என்கிறார் வீட்டுக்காரர். "அந்தாளு சொன்னத நீயே எழுதிப் போட்டுட வேண்டியதுதானே?"

"விதி இருக்குங்க."

"செத்தவளுக்கு என்ன விதி?"

செத்தவர்களுக்குத்தான் அந்த விதி. உயிரோடு இருக்கும்போது கேட்டதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆவியாக நின்று கேட்டதை எங்கேயும் சொல்லக் கூடாது. ரவுண்டு முடிந்த பிறகும், இந்தப் பக்கத்திலும். நம் கேம் நாறிப்போகாமல் இருப்பது அந்த ஒரு விதியால்தான் என்று புதியவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். என் வேலை போகிறது என்பதற்காக அதை நானே உடைத்தால் அந்த வேலையில் இருக்க எனக்கு என்ன யோக்கியதை? அதனால் பீரோவுக்குள் இருந்து கேட்டதை எழுதிவிட்டேன். பீரோவுக்கு வெளியே நின்று கேட்டதை எழுத மாட்டேன்.

என் யோசனையையும் சொல்லிவிடுகிறேன், இது யோசனைப் பகுதி என்பதால். வேகத் தேர்வு வைப்பதற்குப் பதிலாக, "ஓடுங்க", "மாஸ்க் போடுங்க", "கதவைத் திறக்காதீங்க" இந்த மாதிரி வார்த்தைகளை ஒரே பட்டனில் வருகிற மாதிரி செய்து கொடுங்கள். என்னைப் போல் கை சரியில்லாதவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ. மாஸ்க்கையும் பீரோவையும் ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள். முடிந்தால் பீரோவில் மூன்று பேருக்கு இடம் கொடுங்கள். அவ்வளவுதான். இதெல்லாம் முடியாது, டெஸ்ட்தான் என்றால் நானும் எழுதுகிறேன். தோற்றுப்போவேன், அது வேறு விஷயம்.

கேப்டன் தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருந்தது. பீரோவுக்குள் நீங்கள் சொன்னதைப் படித்ததும் அது எங்கே போனது என்று தெரியவில்லை. டாக்டர் ஊரிலிருந்து வந்து சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அவர் சொன்னால், அக்காவுக்குப் பரிந்து பேசுகிறார் என்பார்கள். சொன்னது நீங்கள். அப்போது நீங்கள் உயிரோடு இருந்தீர்கள், உங்களுக்கு அந்த விதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், அங்கே சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல், இதற்குக் கீழே பதிலாக எழுதுங்கள். மெதுவாக அடித்தாலும் பரவாயில்லை.